கரைக்குக் கல் கொட்டும் வேலை

சில ஆண்டுகளுக்கு ஒருமுறை நமக்கென்று சொந்தமாக ஓர் இயங்குதளம் பிறந்துவிட்டதாக அறிவிப்பு வருகிறது. 2007இல் சி-டாக் நிறுவனத்தின் சென்னைக் கிளையிலிருந்து ‘பாஸ்’ லினக்ஸ் வந்தது. 2023 ஜனவரியில், சென்னை ஐ.ஐ.டி.யின் அரவணைப்பில் வளர்ந்த நிறுவனம் ஒன்றின் ‘பார்ஓஎஸ்’ வந்தது. மத்திய அமைச்சர்கள் இருவர் அந்தக் கைபேசியைச் சோதித்துப் பார்க்கும் காட்சி நாடெங்கும் காட்டப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் பாதுகாப்பு அமைச்சகத்தின் ‘மாயா’. முதலாவது டெபியன் மீதும், இரண்டாவது ஆண்ட்ராய்டின் திறந்த மூலத்தின் மீதும், மூன்றாவது உபுண்டு மீதும் எழுப்பப்பட்டவை. இதில் வெட்கப்பட ஏதுமில்லை. பிறர் எழுதியதை எடுத்தாளவும் மாற்றவும் உரிமை தருவதுதான் கட்டற்ற மென்பொருளின் உயிர்நாடி. என் சண்டை அதோடு அல்ல. எடுத்துக்கொண்ட இடத்துக்கு நாம் என்ன திருப்பிக் கொடுத்தோம் என்ற கேள்வியை எந்த மேடையிலும் எவரும் கேட்டு நான் கண்டதில்லை என்பதோடுதான்.

குறிப்பாக, ஒரு கணினியை வலைப்பின்னலோடு சேர்த்துவைக்கும் நிரல்களைப் பற்றிப் பேசுகிறேன். கம்பி செருகியிருக்கிறதா, கம்பியில்லா அலை கிடைக்கிறதா, தனக்கான முகவரியை யாரிடம் கேட்டு வாங்குவது, தளத்தின் பெயரை எண்ணாக மாற்றித் தருபவர் யார், இரண்டு வழிகள் திறந்திருந்தால் எதில் போவது, வழி அறுந்தால் எவ்வளவு நேரம் பொறுத்து மறுபடி முயல்வது என்று நொடிக்கு நொடி தீர்மானித்துக்கொண்டிருக்கும் நிரல்கள். லினக்ஸ் ஏறிய மேசைக் கணினிகளிலும் மடிக்கணினிகளிலும் பெரும்பாலும் இதைச் செய்வது நெட்வொர்க் மேனேஜர். 2004இல் ரெட் ஹாட் நிறுவனத்தில் தொடங்கப்பட்ட இந்தத் திட்டம், 1.0 என்ற எண்ணை 2014 டிசம்பரில்தான் தனக்குச் சூட்டிக்கொண்டது. பத்து ஆண்டுகள் உழைத்த பிறகு, ‘இப்போதுதான் ஒன்று’ என்று சொல்லிக்கொள்ளும் அடக்கம் அது. நம் ஊரில் பத்து ஆண்டுகளில் மூன்று திறப்பு விழாக்கள் நடந்து முடிந்திருக்கும்.

தமிழ்நாட்டுக்கு இன்னொரு இயங்குதளம் வேண்டாம். ஏற்கெனவே இருக்கும் இந்த நிரல்களை, மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டு, ஆண்டு முழுவதும் பழுது பார்க்கும் பத்துப் பேர் வேண்டும். அவர்கள் தரமணியிலோ பழைய மகாபலிபுரம் சாலையிலோ அல்ல, இராயபுரத்துக்கும் எண்ணூருக்கும் இடைப்பட்ட ஏதோ ஒரு தெருவில் உட்கார்ந்திருக்க வேண்டும். இதுதான் என் கட்சி.

இலக்கியம் பேசும் இடத்தில் மோடத்துக்கு என்ன வேலை என்று புருவம் உயர்த்தும் நண்பர்களுக்கு ஒரு சொல். ஏடு பெயர்த்து எழுதாவிட்டால் நூல் இல்லை என்பதை நம்மைவிட நன்கு அறிந்த வாசகக் கூட்டம் வேறு எங்கே இருக்கிறது? உ.வே.சாமிநாதையர் சீவக சிந்தாமணியை 1887இல் பதிப்பித்ததோடு கை கழுவிவிடவில்லை. பின்வந்த பதிப்புகளில் பாடங்களைத் திருத்திக்கொண்டே இருந்தார். புதிதாக ஒரு காப்பியம் இயற்றாத அந்த மனிதரைத்தான் ‘தமிழ்த் தாத்தா’ என்று கொண்டாடுகிறோம். பழையதைக் காத்துச் செப்பம் செய்பவருக்கு இலக்கியத்தில் இவ்வளவு மரியாதை தெரிந்த சமூகம், மென்பொருள் என்று வந்ததும் ‘கண்டுபிடித்தவர் யார்’ என்று மட்டும் கேட்பது ஏன் என்று எனக்கு விளங்கவில்லை.

*

2011 செப்டம்பரில் தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. அடுத்த சில ஆண்டுகளில் ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்ட மடிக்கணினிகள் மாணவர் கைக்குப் போயின. தொடக்கத்தில் கொடுத்தவற்றில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. கட்டற்ற மென்பொருளுக்கு இவ்வளவு பெரிய வாசல் உலகில் வெகு சில இடங்களில்தான் திறந்திருக்கும். அதற்கு முன்பே, 2007ஐ ஒட்டிய ஆண்டுகளில், எல்காட் நிறுவனத்தின் தலைமைப் பொறுப்பில் இருந்த உமாசங்கர் அரசு அலுவலகங்களை லினக்ஸுக்கு மாற்றப் பெருமுயற்சி எடுத்திருந்தார். ஆக, அரசியல் விருப்பம் இல்லை என்று சொல்வதற்கில்லை. பிறகு என்ன ஆயிற்று?

திருவொற்றியூரிலோ தண்டையார்பேட்டையிலோ அந்த மடிக்கணினியைத் திறந்த பிள்ளையின் வீட்டில் அன்று பிராட்பேண்ட் கம்பி ஏது? இணையம் வந்தால் டேட்டா கார்டு வழியாகத்தான் வரும். டாட்டா ஃபோட்டான், ரிலையன்ஸ் நெட்கனெக்ட், பி.எஸ்.என்.எல். என்று கட்டைவிரல் அளவில் விற்ற அந்தச் சாதனங்களில் பலவற்றுக்கு ஒரு விசித்திரக் குணம் இருந்தது. கணினியில் செருகியதும் அது தன்னை மோடம் என்று சொல்லாது. குறுந்தகட்டு இயக்கி என்று பொய் சொல்லும். அந்தப் பொய்த் தகட்டுக்குள் விண்டோஸுக்கான நிறுவல் மென்பொருள் இருக்கும். அது நிறுவப்பட்ட பிறகு, ‘போதும், வேஷத்தைக் கலை’ என்று ஒரு செய்தி அனுப்பும். அதன் பின்னரே மோடம் மோடமாகும். லினக்ஸுக்கு அந்த இரகசியச் சொல் தெரியாது. குறுந்தகட்டைப் பார்த்தபடி சும்மா இருக்கும்.

இந்த முடிச்சை அவிழ்த்தவர் ஜெர்மனியைச் சேர்ந்த யோசுவா டீட்ஸே என்ற ஒருவர். ‘யுஎஸ்பி மோட்ஸ்விட்ச்’ என்ற சிறு நிரலை எழுதி, ஒவ்வொரு சாதனத்தின் எண்ணையும் அதன் வேஷத்தைக் கலைக்கும் செய்தியையும் ஒரு தரவுத் தொகுப்பில் ஆண்டுக்கணக்காகச் சேர்த்துவந்தார். உலகெங்கும் உள்ள பயனர்கள் தங்கள் கையிலிருந்த சாதனத்தைப் பிரித்துப் படித்து அவருக்குத் தகவல் கொடுத்தார்கள். அந்தத் தொகுப்பில் உள்ள சாதனம் உங்களிடம் இருந்தால் வலை கிடைக்கும், இல்லையென்றால் இல்லை. அவ்வளவுதான் வித்தியாசம். சுதந்திரமும் இறையாண்மையும் அந்த ஒரு வரியில் தொங்கிக்கொண்டிருந்தன.

இதோடு முடியவில்லை. மோடம் விழித்துக்கொண்டாலும், எந்த நிறுவனத்தின் சேவை, அதன் அணுகுமுனைப் பெயர் என்ன என்று நெட்வொர்க் மேனேஜருக்குச் சொல்ல வேண்டும். அதற்கென்று நாடுவாரியாக நிறுவனங்களை அடுக்கிய ஒரு கோப்பு, க்னோம் திட்டத்தின் கீழ்ப் பராமரிக்கப்படுகிறது. அதில் இந்தியாவின் கதையை நினைத்துப் பாருங்கள். தமிழ்நாட்டில் தொடங்கிய ஏர்செல் 2018இல் மூடப்பட்டது. அதே ஆண்டு வோடஃபோனும் ஐடியாவும் ஒன்றாயின. டாட்டா டொகோமோவின் வாடிக்கையாளர்கள் 2019இல் ஏர்டெல்லுக்குப் போனார்கள். 2016இல் ஜியோ வந்து ஆட்டத்தின் விதியையே மாற்றியது. ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவர் அந்தக் கோப்பைத் திறந்து, பழைய வரியை நீக்கி, புது வரியைச் சேர்க்க வேண்டும். இதற்கு ஐ.ஐ.டி. பட்டம் வேண்டாம். கையில் அந்த சிம் இருக்க வேண்டும், செருகிப் பார்க்கும் பொறுமை இருக்க வேண்டும். இவ்விரண்டும் பிர்னோவில் கிடையாது, வண்ணாரப்பேட்டையில் உண்டு. (ரெட் ஹாட்டின் பெரிய பொறியியல் அலுவலகங்களில் ஒன்று செக் நாட்டின் பிர்னோ நகரில் இருக்கிறது. அங்குள்ளவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. எண்ணூரின் டேட்டா கார்டைப் பற்றி அவர்கள் ஏன் கவலைப்பட வேண்டும்?)

கம்பியில்லா அலைக்கும் இதே கதை. எந்த நாட்டில் எந்த அலைவரிசையை எவ்வளவு திறனில் பயன்படுத்தலாம் என்பதை லினக்ஸ் ஒரு சிறு உரைக்கோப்பிலிருந்து தெரிந்துகொள்கிறது. இந்திய அரசு 2005இல் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியை உரிமம் இன்றிப் பயன்படுத்த அனுமதித்தது. 2018 அக்டோபரில் 5 கிகாஹெர்ட்ஸில் பெரும் பகுதியைத் திறந்துவிட்டது. அரசிதழில் வந்த ஆணை கணினிக்குத் தானாகத் தெரியுமா? ஒருவர் அந்த ஆணையைப் படித்து, இந்தியா என்ற தலைப்பின் கீழுள்ள சில வரிகளைத் திருத்தி, ஆதாரத்தோடு அனுப்ப வேண்டும். அதைப் பராமரிப்பாளர் சரிபார்த்துக் கையொப்பமிட வேண்டும். நம் நாட்டின் சட்டத்தை நம் நாட்டுக் கணினிக்குச் சொல்லித்தருவதற்கு நம்மிடம் சம்பளம் வாங்கும் ஆள் ஒருவரும் நியமிக்கப்படவில்லை என்றால், ‘பாரத’ என்று தொடங்கும் பெயர் எதற்கு?

2005இல் சி-டாக்கும் அண்ணா பல்கலைக்கழகத்தின் ஏ.யூ.-கே.பி.சி. ஆய்வு மையமும் சேர்ந்து சென்னையில் கட்டற்ற மென்பொருளுக்கான தேசிய வள மையத்தைத் தொடங்கியபோது, இந்த மாதிரி வேலைக்கு இடம் அமையும் என்று பலர் நம்பினோம். இந்திய மொழிகளுக்கான எழுத்துரு, உள்ளீடு, இடைமுகம் ஆகியவற்றில் நல்ல வேலை நடந்தது. அதை மறுப்பவன் நன்றி கெட்டவன். ஆனால் இடைமுகம் தமிழில் இருந்து வலை இணையாத கணினி, சுத்தத் தமிழில் எழுதிய பூட்டு.

நம் தமிழ் ஆர்வலர்களையும் இங்கே விட்டுவிட முடியாது. மென்பொருளா சொவ்வறையா, பிணையமா வலையமா வலைப்பின்னலா என்று எத்தனை இரவுகள் மோதியிருக்கிறோம்! நானும் அந்தச் சண்டைகளை இரசித்தவன்தான், கலைச்சொல் வேண்டாம் என்பதல்ல. ஆனால் சொல்லுக்கு இருக்கும் நூறு காவலர்களில் ஒருவர்கூடப் பொருளுக்கு இல்லை என்றால் அது என்ன மொழிப்பற்று? கல்லூரி ஆய்வகங்களில் நிலைமை இன்னும் வேடிக்கை. ‘இஃப்கான்ஃபிக்’ என்ற கட்டளை இருக்கும் தொகுப்பை டெபியன் 2017இன் 9ஆம் பதிப்பிலேயே இயல்பு நிறுவலிலிருந்து நீக்கிவிட்டது. நம் வாய்மொழித் தேர்வில் இன்றும் அதைத்தான் கேட்கிறார்கள். பாடத்திட்டம் பராமரிக்கப்படாத நாட்டில் நிரல் எப்படிப் பராமரிக்கப்படும்?

*

எண்ணூர் விரைவுச்சாலையை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். துறைமுகத்துக்குப் போகும் டிரெய்லர் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கடலைப் பார்த்து நிற்கும் சாலை அது. 2016 ஜூலை 1 முதல் உலகெங்கும், சரிபார்க்கப்பட்ட எடை இல்லாமல் ஏற்றுமதிக் கன்டெய்னர் எதையும் கப்பலில் ஏற்றக்கூடாது என்பது விதி. ஆகவே, ‘வே பிரிட்ஜ்’ என்று எல்லோரும் அழைக்கும் எடை மேடைகளுக்கு அந்தப் பகுதியில் திடீரென்று ஒரு கௌரவம் வந்தது. அவற்றில் ஒன்றின் கணினியில் லினக்ஸ் ஓடிக்கொண்டிருந்தது. வன்வட்டு செத்துப்போய், புதிய வட்டில் புதிய பதிப்பை நிறுவி, பழைய அமைப்புக் கோப்பை அப்படியே நகலெடுத்து வைத்தார்கள். வலை எழவில்லை. காரணம் எளியது. பழைய பதிப்பில் வலை அட்டைக்கு ‘ஈத்0’ என்று பெயர். சிஸ்டம்டி திட்டத்தார் 2013இல் கொண்டுவந்த மாற்றத்துக்குப் பிறகு, அட்டை செருகியிருக்கும் இடத்தை வைத்து ‘ஈஎன்பி3எஸ்0’ என்பதுபோல் பெயர் வரும். இல்லாத ஈத்0ஐத் தேடிக்கொண்டிருந்தது அமைப்புக் கோப்பு. அன்று மாலைவரை எடைச் சீட்டுகள் பென் டிரைவில் ஏறி இருசக்கர வாகனத்தில் பயணம் செய்தன. ஓட்டுநர்கள் அடுப்பு மூட்டிச் சமைத்துச் சாப்பிட்டார்கள்.

அந்தப் பெயர் மாற்றம் தவறு என்று நான் சொல்லவில்லை. இரண்டு அட்டைகள் இருக்கும் கணினியில் பழைய முறை எது முதலாவது என்று தடுமாறும், அதனால்தான் மாற்றினார்கள். பராமரிப்பு என்பது மாற்றாமல் வைத்திருப்பதல்ல. மாற்றும்போது யார் தலையில் கல் விழும் என்று அறிந்து மாற்றுவது. அந்த முடிவு விவாதிக்கப்பட்ட அறையில் எடை மேடை என்ற ஒன்றைப் பார்த்த ஆள் ஒருவர் இருந்திருந்தால், பழைய கோப்பைக் கண்டதும் ‘இந்தப் பெயர் இப்போது இல்லை, இதோ புதிய பெயர்’ என்று எச்சரிக்கும் இரண்டு வரிகளுக்கு அவர் சண்டை போட்டிருப்பார். திறந்த திட்டம் என்பதன் பொருளே, அந்த அறைக் கதவு திறந்திருக்கிறது என்பதுதான். நாம்தான் போகவில்லை.

ஏன் வடசென்னை என்று கேட்கலாம். மருத்துவர் நோயாளி இருக்கும் ஊரில்தான் இருக்க வேண்டும் என்பது ஒரு காரணம். உப்புக்காற்றில் இணைப்பி துருப்பிடித்துத் தொட்டும் தொடாமலும் நிற்கும் கம்பி, நொடிக்கொரு தரம் ‘இருக்கிறேன், இல்லை’ என்று சொல்லும்போது மென்பொருள் என்ன செய்கிறது என்பதைக் குளிரூட்டிய அறையில் அறிய முடியாது. 2016 டிசம்பர் 12இல் வர்தா புயல் அடித்தபோதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியபோதும், கோபுரங்கள் செத்துப் பிழைத்தன. அத்தகைய நாட்களில் அரைகுறையாகக் கிடைக்கும் இணைப்பை விடாமல் பிடித்துக்கொள்ளத் தெரிந்த நிரல்தான் நல்ல நிரல். முகவரி கிடைத்தும் பெயர் தீராத நிலை, பெயர் தீர்ந்தும் வழி மூடிய நிலை என்று அதற்கு ஆயிரம் நுணுக்கங்கள் உண்டு. அவற்றுக்கு இந்தக் கரை ஒரு பல்கலைக்கழகம்.

இன்னொரு காரணம் இந்த மண்ணின் தொழில். அசோக் லேலண்டும் என்ஃபீல்டும் எம்.ஆர்.எஃப்.பும் அனல்மின் நிலையமும் மணலியின் சுத்திகரிப்பு ஆலையும் மூன்று தலைமுறைக்கு ஃபிட்டர்களை வளர்த்த பகுதி இது. இயந்திரம் நின்றுபோனால் கையைக் கட்டிக்கொண்டு புதியது வாங்கச் சொல்லாமல், காது வைத்துக் கேட்டு, ஒவ்வொன்றாக விலக்கிப் பார்த்து, பழுதைத் தேடிப் பிடிக்கும் புத்தி இங்கே வீட்டுச் சொத்து. நிரலில் வழு கண்டுபிடிப்பதும் அதே புத்திதான். ஆனால் அந்த ஃபிட்டரின் மகள் கணினி படித்தால் தெற்கே போய்ப் ‘புதுமை’ செய்ய வேண்டும் என்று விரும்புகிறோம். பழுது பார்ப்பது கீழான வேலை, படைப்பது மேலான வேலை என்ற படிநிலை நமக்குப் புதிதல்ல. அது எங்கிருந்து வந்தது என்பதைத் தமிழ் வாசகருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. சாக்கடை அடைப்பை எடுப்பவருக்குப் பெயர் இல்லை, பாலத்தைத் திறப்பவருக்குக் கல்வெட்டு உண்டு. மென்பொருளுக்குள்ளும் அதே சாதிப் புத்தி.

சென்னைத் துறைமுகம் இதற்கு ஒரு கண்கூடான சாட்சி. 1876இல் கட்டத் தொடங்கி, 1881 புயலில் சிதைந்து, மறுபடி எழுப்பப்பட்ட அந்தச் சுவர்கள் வடக்கு நோக்கி நகரும் மணலை மறித்தன. தெற்கே மணல் குவிந்து மெரினா அகலமாயிற்று; உலா, சிலை, கூட்டம், கவிதை எல்லாம் அங்கே. மணல் வந்து சேராத வடக்குக் கரையைக் கடல் தின்றது. இராயபுரத்திலிருந்து எண்ணூர்வரை தெருக்கள் போயின, கோயில்கள் போயின, வீடுகள் போயின. அங்கே கல் கொட்டுகிறார்கள். தூண்டில் வளைவு கட்டுகிறார்கள். கல் அமிழ்கிறது, மறுபடி கொட்டுகிறார்கள். துறைமுகத்துக்கே ஆரம்பத்தில் கிழக்கு நோக்கி இருந்த வாயில் தூர்ந்துபோனதால் வடகிழக்குக்கு மாற்ற வேண்டியிருந்தது. கட்டி முடித்த துறைமுகம் என்று ஒன்று கிடையாது. நாள்தோறும் தூர் வாரப்படும் துறைமுகம் மட்டும்தான் உண்டு.

*

பெரிய நிறுவனங்கள் பணம் கொடுத்துப் பராமரிக்கின்றன, நாம் ஏன் தலையைக் கொடுக்க வேண்டும் என்பது வழக்கமாக வரும் எதிர்வாதம். அவர்கள் பராமரிப்பது தங்கள் வாடிக்கையாளரின் தேவையை. சேவையகங்களையும் தரவு மையங்களையும். அதுவும் அவர்கள் விரும்பும்வரை. முகவரி வழங்கும் நிரல்களில் உலகெங்கும் புழங்கிய ஐ.எஸ்.சி. டிஹெச்சிபியின் பராமரிப்பை 2022இல் அதன் நிறுவனமே முடித்துக்கொண்டது. அதை நம்பியிருந்தவர்கள் மாற்றுத் தேடி ஓட வேண்டியதாயிற்று. 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் என்ற சுருக்க நிரலில் திருட்டுக் கதவு ஒன்று கண்டுபிடிக்கப்பட்டதே, அதற்கு வழிவிட்டது எது? சம்பளமின்றி, உடல்நலமும் மனநலமும் தளர்ந்த நிலையில், ஏறத்தாழ ஒற்றை ஆளாக அதைச் சுமந்துவந்தவருக்கு ‘உதவ’ வந்த ஒரு புனைபெயர், ஈராண்டுகளுக்கு மேல் நல்ல பிள்ளையாக நடித்து நம்பிக்கையைப் பெற்றது. உள்நுழைவு அரை விநாடி தாமதமாவதைக் கவனித்த ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற பொறியாளரின் கூரிய கண்ணால்தான் உலகம் தப்பியது. தேசப் பாதுகாப்புக்காக மாயா செய்கிறவர்கள், அதன் அடித்தளத்தில் எத்தனை ஒற்றை ஆட்கள் களைத்துப்போய் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஆர்வலர்கள் ஓய்வு நேரத்தில் செய்யட்டும் என்ற யோசனையும் எனக்கு உடன்பாடில்லை. சென்னை லினக்ஸ் பயனர் குழுவும் கணியமும் ஆண்டுக்கணக்காகச் செய்துவரும் தொண்டு பெரிது. ஆனால் தொண்டு, அறிமுகத்துக்கும் பரப்புரைக்கும் போதும், பராமரிப்புக்குப் போதாது. நெட்வொர்க் மேனேஜரில் ஒரு திருத்தம் ஏற்கப்பட, அதை எழுதியவர் ஆறு மாதம் கழித்தும் அங்கே இருப்பார், அதனால் விளையும் வழுவுக்குப் பதில் சொல்வார் என்ற நம்பிக்கை வேண்டும். அந்த நம்பிக்கைக்குப் பெயர் வேலை. அதற்கு ஊதியம், விடுப்பு, ஓய்வூதியம் எல்லாம் உண்டு.

எனவே அரசிடம் கேட்பது சிறியது. அடுத்த அறிவிப்பு விழாவின் செலவை எடுத்து, எண்ணூர் நெடுஞ்சாலையோரம் ஒரு மாடி பிடியுங்கள். வடசென்னைத் தொழிற்பயிற்சி நிலையங்களிலிருந்தும் கல்லூரிகளிலிருந்தும் பத்துப் பேரை எடுங்கள். பாதிப் பேராவது பெண்களாக இருக்கட்டும். நம் சந்தையில் விற்கும் மலிவு ரௌட்டர், சிம், வைஃபை சில்லு ஒவ்வொன்றையும் அவர்கள் மேசையில் வையுங்கள். அவர்கள் எழுதுவது தமிழ்நாட்டின் பெயரில் தனிக் கிளையாக ஒதுங்காமல், மூலத் திட்டங்களுக்கே நேராகப் போய்ச் சேரட்டும். டெபியனுக்குப் போனால் பாஸுக்கும் தானாக வரும். முதல் ஆண்டு எதையும் திறந்துவைக்கச் சொல்லி அவர்களைத் தொந்தரவு செய்யாதீர்கள். முதல் வேலையாக, செல்பேசி நிறுவனங்களின் கோப்பைத் திறந்து, இந்தியாவின் கீழே செத்துப்போன பெயர்கள் எத்தனை இருக்கின்றன என்று எண்ணச் சொல்லுங்கள்.